பன்னிரண்டு சென்டிமீட்டர்

போர்ட்லாண்டுக்கு மேற்கே ஹில்ஸ்பரோவில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு சீனத் தம்பதி குடியிருக்கிறார்கள். சிப் தொழிற்சாலை வேலையை நம்பி வந்தவர்கள் நிறைந்த தெரு இது. மாலையில் நடக்கப் போனால் தமிழும் தெலுங்கும் மாண்டரினும் காதில் விழும். 2022 ஆகஸ்டில் அந்த வீட்டுக்குப் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். சொந்தக்காரன் இல்லை. வெளிநாட்டிலிருந்து தனியே வரும் பள்ளி மாணவர்களை மாதப் பணத்துக்குத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் இங்கே உண்டு, அப்படி வந்தவன். ஷாண்டோங் மாகாணத்தில் ஒரு சிறிய ஊர். மாணவர் விசாவில் வருபவர்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஓராண்டுக்கு மேல் படிக்க முடியாது என்பதால், கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் சேர்ந்திருந்தான். படிப்பு இரண்டாவதுதான். அவன் கூடைப்பந்து ஆட வந்தான். என்றைக்காவது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஆடிவிட வேண்டும் என்று வந்தான்.

என் மகனுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. சனிக்கிழமை காலைகளில் இரண்டு பேரையும் ஜிம்முக்கு அழைத்துப்போவது என் வேலையாயிற்று. முதல் நாள் காரில் ஏறியதும் என் வயதைக் கேட்டான். சொன்னேன். "என் அப்பாவைவிட நீங்கள் இரண்டு வயது இளையவர். அப்படியென்றால் ஷூஷு" என்றான். அப்பாவுக்குத் தம்பி முறை. அப்பாவைவிட மூத்தவர் என்றால் அதற்கு வேறு சொல். எங்கள் மொழியிலும் சித்தப்பா, பெரியப்பா என்று பிரித்துத்தான் கூப்பிடுவோம் என்று நான் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவனுக்கு எல்லோரும் அங்கிளாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டு வருகிறேன். எனக்கிருந்த ஓர் அபிப்பிராயம்தான் காரணம். ஜிம்மில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அப்பாக்கள் நடுவில் அடிக்கடி வரும் பேச்சு அது. சீனாவில் நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கிறார்கள், கூடைப்பந்தை உயிராகப் பார்க்கிறார்கள், அப்படியும் என்பிஏவில் நட்சத்திரமான யாவ் மிங்குக்குப் பிறகு ஏன் ஒருவரும் அந்த அளவுக்கு வரவில்லை? பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். உடல்வாகு போதாது, வேகம் போதாது. நானும் அதை நம்பினேன், நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். அந்தப் பையனோடு பழகிய மூன்று வருடத்தில் அது என்னிடம் நிற்கவில்லை.

எலும்பு வயது

2017-இல் அவனுக்குப் பத்து வயது. வகுப்பிலேயே உயரமானவன். விளையாட்டுப் பள்ளியிலிருந்து வந்த கோச் ஒருவர் அவனுடைய பாதத்தை அளந்தார், கைகளை விரித்து அளந்தார், அப்பா அம்மாவின் உயரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் இடது கையை எக்ஸ்ரே எடுக்க வைத்தார்கள். மணிக்கட்டு எலும்புகளில் வளர்ச்சி இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்து, வளர்ந்து முடிக்கும்போது உயரம் என்ன இருக்கும் என்று கணக்குப் போடுவார்களாம். அதற்குச் சீன மொழியில் 'எலும்பு வயது' என்றே பெயர். அவனுக்கு வந்த எண் 198. ஏறக்குறைய ஆறரை அடி. அன்று இரவு அப்பா உறவினர்களை எல்லாம் கூட்டிச் சாப்பாடு போட்டார் என்றான்.

அந்த எண்ணை வைத்துத்தான் அவனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். 198 வரப்போகிறவன் கூடைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவன். ஆகவே முதுகைக் காட்டி இடம்பிடிப்பது, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்குக் குறுக்கே நின்று தடுப்பது, கிட்டத்திலிருந்து போடுவது என்று காலையும் மாலையும் அதே பயிற்சி. பந்தைத் தட்டிக்கொண்டு போவது மற்றவர்கள் வேலை. பதினான்கு வயதில் வளர்ச்சி நின்றது. 186. கோச் திட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்: மாகாண இளைஞர் அணியில் இந்த உயரத்துக்கு இந்த இடத்தில் ஆள் தேவையில்லை. பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக மாற வேண்டும். அதற்கு வேண்டிய கைவேகத்தைப் பத்து வயதில் ஆரம்பித்திருக்க வேண்டும். அப்பா வாடகைக்கு விட்டிருந்த சிறிய வீட்டை விற்று அவனை இங்கே அனுப்பினார்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை இதையெல்லாம் காரில் உட்கார்ந்து சொன்னான். சொல்லி முடித்து, "ஷூஷு, நான் இன்னும் அப்பாவுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் பாக்கி" என்றான். சிரிப்பான் என்று திரும்பிப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். சீனாவில் வளர்ந்து, என்பிஏ பருவ ஆட்டத்தில் களமிறங்கியவர்கள் 2025 வரை எட்டே பேர். வாங் ஜிஜி, மெங்கே பாடேர், யாவ் மிங், யீ ஜியான்லியான், சுன் யுவே, ஜோ சீ என்ற ஆறு பேர்தான் அன்று என் பட்டியலில் இருந்தார்கள். ட்சுய் யோங்ஷியும் யாங் ஹான்சென்னும் பிறகு வந்தவர்கள். இந்த எட்டில் ஆறரை அடிக்குக் கீழே ஒருவரும் இல்லை. பெரும்பாலோர் ஏழடியைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். அவ்வளவு பெரிய நாட்டிலிருந்து சின்ன உயரத்துக் கார்ட் ஒருவர்கூட இன்னும் வரவில்லை. உடல்வாகுதான் குறை என்றால் ஏழடிக்காரர்கள் அல்லவா குறைந்திருக்க வேண்டும்? உலகத்தில் எங்கேயும் அரிதாகக் கிடைக்கும் உயரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரு முறை, எங்கேயும் கிடைக்கும் ஆறடிப் பையன்களை ஆட்டக்காரர்களாக்கத் தெரியாமல் இருக்கிறது.

அந்த முறை 1950-களில் சோவியத் நாட்டைப் பார்த்து அமைத்தது. சிறு வயதிலேயே பொறுக்கி எடு, தனியாக வை, மணிக்கணக்கில் பயிற்சி கொடு, மாகாண அணிக்கும் தேசிய அணிக்கும் அனுப்பு. டைவிங்குக்கும் பளுதூக்குதலுக்கும் அது பலன் கொடுத்தது. அங்கே ஒரே அசைவைப் பிசகில்லாமல் ஆயிரம் தடவை செய்பவன் ஜெயிப்பான். கூடைப்பந்தில் கார்ட் என்பவன் எதிரில் நிற்பவன் என்ன செய்வான் என்று அரை நொடியில் ஊகித்துத் தன் மனசை மாற்றிக்கொள்கிறவன். அது வரிசையில் நின்று கற்கும் பயிற்சியில் வராது. தப்பு செய்தால் யாரும் விசில் ஊதாத இடத்தில், தெருவில், பெரிய பையன்களிடம் தோற்றுத் தோற்று வரும். சீனாவில் அப்படிப்பட்ட ஆட்டம் இல்லாமலும் இல்லை. குய்ஜோ மாகாணத்தில் தைபான் என்ற கிராமத்தில் விவசாயிகள் நடத்திய கூடைப்பந்துப் போட்டி 2022-இல் நாடு முழுக்கப் பரவிப் பிரபலமானது. மலைச்சரிவு மாதிரி படிக்கட்டு முழுக்க ஜனம் உட்கார்ந்திருக்கும் அந்த வீடியோக்களைப் பார்த்தால் இந்த ஆட்டத்தின் மேல் அவர்களுக்கு இருக்கும் பிரியம் புரியும். அந்தப் பிரியத்துக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவில் பாதை இல்லை என்பதுதான் விஷயம்.

திரும்பி வரும் வாசல்

யாவ் மிங்கின் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதையின் சந்தோஷமான பாதியை மட்டும்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 2002-இல், என்பிஏ அணிகள் வரிசையாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக ஹூஸ்டன் அணி எடுத்தது, அதற்கு முன் சீனக் கூடைப்பந்துச் சங்கத்தின் அனுமதிக்காகக் கடைசி நேரம் வரை இழுபறி. சம்பளத்தில் ஒரு பகுதி நாட்டுக்குப் போக வேண்டும், தேசிய அணி கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும் என்பது ஏற்பாடு. அமெரிக்காவில் பருவம் முடிந்து மற்ற வீரர்கள் ஓய்வெடுக்கும் கோடையில் அவர் சீனாவுக்காக ஆடினார். 2008 பிப்ரவரியில் இடது பாதத்தில் எலும்பு முறிவு. ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் கொடி பிடித்துக்கொண்டு நடந்தார், ஆடினார். 2011 ஜூலையில் ஓய்வு. வயது முப்பது. 2.29 மீட்டர் உடம்பு அந்தச் சுமையைத் தாங்கியிருக்காது, எப்படியும் உடைந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் வருடம் முழுக்க இரண்டு எஜமானர்களுக்கு உழைத்த கால்கள் அவை. அதைப் பேசாமல் உடல்வாகைப் பேசுவது எனக்கு இப்போது நியாயமாகப் படவில்லை.

வாங் ஜிஜி விஷயம் இன்னும் கடினம். 1999-இல் டல்லாஸ் அவரை எடுத்தது. அவர் ராணுவத்தின் பாயி அணிக்காரர், விடவில்லை. 2001 ஏப்ரலில்தான் களமிறங்கினார், என்பிஏவில் ஆடிய முதல் சீனர். அடுத்த வருடக் கோடையில் தேசிய அணிப் பயிற்சிக்குத் திரும்பாமல் அமெரிக்காவிலேயே தங்கி ஆட்டத்தைச் சீர்செய்துகொள்ள நினைத்தார். தேசிய அணியிலிருந்து நீக்கினார்கள். நான்கு வருடம் ஊர்ப்பக்கம் போக முடியவில்லை. 2006-இல் திரும்பி வந்து பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அவருக்கும் முன்னால் 1990-களில் மா ஜியான் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆடினார். அவருக்கும் தேசிய அணியின் கதவு அதோடு மூடிக்கொண்டது.

இப்போது அந்த அளவு இறுக்கம் கிடையாது. போகலாம். ஆனால் போகிறவனுக்குத் திரும்பி வரும் வாசல் குறுகிக்கொண்டே போகிறது. இங்கே உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்டால் அங்கே கல்லூரி நுழைவுத் தேர்வு கைவிட்டுப் போகிறது. அந்தத் தேர்வுக்கான மூன்று வருட உழைப்பைப் பாதியில் போய்ப் பிடிக்க முடியாது. கிளப்களின் இளைஞர் அணிகளில் இடம் வேறொருவனுக்குப் போய்விடும். ஆகவே ரொம்ப யோசிக்கிற பிள்ளைகள் நடுவழியில் திரும்பிவிடுகிறார்கள். ஜாங் ஜென்லின் டுலேன் பல்கலைக்கழகத்தில் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தார். 2020-இல் சீனாவின் லியாவ்னிங் அணிக்குப் போனார், அங்கே சாம்பியன் பட்டங்களும் வாங்கினார். தப்பு என்று சொல்ல மாட்டேன். அங்கே கை நிறையச் சம்பளம், வீட்டுச் சாப்பாடு, சொந்த மொழி. இங்கே மாணவர் விசாவில் இருக்கும் வெளிநாட்டுப் பையன், பக்கத்து லாக்கர்காரன் விளம்பரத்தில் வாங்கும் பணத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேலை பார்த்துச் சம்பாதிப்பதற்கு அந்த விசாவில் அவ்வளவு கட்டுப்பாடு.

தங்கிவிட்டவன் தோற்றால் அது அவனுடைய தோல்வியோடு நிற்பதும் இல்லை. 2019 உலகக் கோப்பையில் பெய்ஜிங்கில் போலந்துக்கு எதிராகச் சீனா ஒரு புள்ளி முன்னால் இருக்க, கடைசி விநாடிகளில் ஜோ சீ கோட்டுக்கு வெளியிலிருந்து போட்ட பந்து எதிரணிக்காரர் கைக்குப் போனது. கூடுதல் நேரத்தில் 76-79 என்று தோற்றார்கள். அதற்கு ஒன்பது மாதம் முன்புதான் ஹூஸ்டன் அவரை விடுவித்திருந்தது. அமெரிக்காவில் தேறாதவன், சொந்த நாட்டையும் கைவிட்டவன் என்று இரண்டும் சேர்ந்து இருபத்து மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் இறங்கின.

நாற்காலி

2024 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி அணிக்குச் சொந்த ஜிம்மில் ஆட்டம். தங்கவைத்திருந்த தம்பதி ஊரில் இல்லாததால் நான் போயிருந்தேன். பையன் முழு ஆட்டத்துக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. கோச்சைக் குறை சொல்ல மாட்டேன், அவனைவிட நன்றாகப் பந்தைக் கையாளும் மூன்று பேர் அணியில் இருந்தார்கள். அவனோடு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த இன்னொரு அமெரிக்கப் பையன் ஆட்டம் முடிந்ததும் நண்பர்களோடு பீட்சா சாப்பிடக் கிளம்பிவிட்டான். சிரித்துக்கொண்டேதான் போனான்.

கூட்டம் கலைந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. அப்பாவின் வீடியோ அழைப்பு. நமக்கு இரவு ஒன்பது, அங்கே சனிக்கிழமை மதியம் ஒன்று. எடுக்கவில்லை. அணைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து தலையில் ஊற்றிக்கொண்டான். கோர்ட்டைச் சுற்றி மூன்று முறை ஓடினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூச்சு வாங்க வந்து, பார்வையாளர் வரிசையிலிருந்து மடக்கு நாற்காலி ஒன்றை இழுத்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே போட்டான். அதன்மேல் போனைச் சாய்த்து வைத்து அப்பாவைக் கூப்பிட்டான். "ஷூஷு, எனக்கு ரீபவுண்ட் எடுத்துக்கொடுங்கள்" என்று என்னிடம் சொன்னான்.

இருபது நிமிடம் ஆடினான். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து நாற்காலிக்கு முன்னால் தோளைத் தாழ்த்தி, இடதில் போவதுபோல் காட்டி வலதில் கடந்து போய்ப் போடுவான். நான் பந்தை எடுத்து வீசுவேன். திரும்ப வருவான். போனில் அப்பா ஏதோ கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பந்து விழும்போதெல்லாம் "ஹாவ்" என்பார். நல்லது என்று அர்த்தம். தரை துடைக்கும் அகலமான மாப்போடு காவலாளி ஓரமாக நின்று காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை.

அப்போது எனக்கு யீ ஜியான்லியான் நினைவு வந்தது. 2007 டிராஃப்டுக்கு முன்னால் லாஸ் ஏஞ்சல்ஸில் அணிகளுக்கு ஆடிக்காட்டியபோது, எதிரில் ஆள் இல்லாமல் நாற்காலியை வைத்துக் கடந்து போய்ப் பந்து போட்டார் என்று ஊரே சிரித்தது. மில்வாக்கி ஆறாவது ஆளாக எடுத்தது. ஐந்து வருடத்தில் நான்கு அணி மாறி ஊர் திரும்பினார். இன்றைக்கும் யாராவது டிராஃப்டில் ஏமாற்றினால் நாற்காலிக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். நாற்காலியைக் கடந்து போகிற பையனுக்கு அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

காரில் வரும்போது அவனே சொன்னான். ஆட்டம் இப்போதுதான் முடிந்தது, பதினாலு பாயிண்ட் போட்டேன், இன்னும் கொஞ்சம் பயிற்சி பண்ணுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். நான் கண்டிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு, உனக்கு உண்மையிலேயே என்பிஏதான் வேண்டுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் வந்தான். "வேறு என்னவாக ஆகலாம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை ஷூஷு" என்றான்.

அப்பாக்கள் பேசும் அந்தப் பேச்சுக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். பீட்சா சாப்பிடப் போன பையன் நாளைக்குக் கணக்காளர் ஆவான், ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் நாற்பது வயது வரை ஆடுவான், தன் மகளின் அணிக்குக் கோச்சாக நிற்பான். அப்படிச் சாதாரணமாக ஆடுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருப்பதால்தான் அவர்கள் நடுவிலிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தப்பாக ஆடிப் பார்க்கும் துணிச்சல் அந்தச் சாதாரணத்தில்தான் கிடைக்கிறது. கடல் கடந்து வந்த பையனுக்கு அது கிடையாது. ஒன்று யாவ் மிங், இல்லையென்றால் விற்ற வீடு. ஒவ்வொரு பந்தையும் அந்தக் கணக்கோடு கையில் எடுப்பவனுடைய கை எப்படி இளகும்?

ஜூன் 25

2025 ஜூன் 25 சாயங்காலம் எங்கள் வீட்டு டிவியில் டிராஃப்ட். பையன் பள்ளி முடித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. யாங் ஹான்சென்னை இரண்டாம் சுற்றில் யாராவது எடுப்பார்கள் என்பதுதான் பொதுவான கணிப்பு. பதினாறாவது இடத்தில் அவர் பெயரைச் சொன்னார்கள். எடுத்தது மெம்ஃபிஸ், போய்ச் சேர்ந்தது போர்ட்லாண்டுக்கு, எங்கள் ஊர் அணிக்கு. பையன் சோபாவிலிருந்து குதித்து என் மகனைத் தூக்கிவிட்டான். யாங் பிறந்த ஜிபோ அவர்கள் மாகாணத்து ஊர்தான். சீனாவில் அப்போது ஜூன் 26 காலை ஆகிவிட்டது, யாங்குக்கு இருபதாவது பிறந்தநாள்.

யாங்கின் பெயரைச் சொல்லும்போதே எனக்கு அவருக்காகக் கவலையாகவும் இருக்கிறது. முந்தைய டிசம்பரில்தான் ட்சுய் யோங்ஷி புரூக்ளினுக்கு ஐந்து ஆட்டம் ஆடிய நிலையில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். யாங் இருபது வயதில், மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நாடு இருபது வருடமாகச் சேர்த்து வைத்த எதிர்பார்ப்போடு இறங்கியிருக்கிறார். பந்தை அவர் வாங்கித் திரும்பாமலே பின்னால் தட்டிவிடும் பாஸைப் பாருங்கள். கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் சென்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் அது இருக்காது. முதல் பருவத்தில் அவருக்குக் களத்தில் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். அதை வைத்து அதற்குள் தீர்ப்பு எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

டிராஃப்ட் முடிவதற்குள் அப்பாவின் அழைப்பு வந்தது. இந்தத் தடவை பையன் உடனே எடுத்தான். நீளமாகப் பேசினார்கள், நடுவில் அவன் குரல் ஒரு இடத்தில் உயர்ந்து தணிந்தது. என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "அவர் ஏழடி அப்பா, நான் 186, இனி வளர மாட்டேன் என்று சொன்னேன்" என்றான்.

செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சிறிய கல்லூரிக்குப் போனான். கல்லூரி விளையாட்டில் மூன்றாம் டிவிஷன் அணி, விளையாட்டுக்கென்று உதவித்தொகை ஒரு பைசா கிடையாது. படிப்பது புள்ளியியல். டிசம்பரில் ஓர் இரவு குறுஞ்செய்தி வந்தது: "ஷூஷு, இன்று பதினோரு நிமிடம் ஆடினேன். இரண்டு பாயிண்ட். இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தேன்."

அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டு எழுதினேன்.

"சொன்னேன்" என்று பதில் வந்தது. "பறிகொடுத்ததையும் சொன்னேன்."